வே. வசந்தி தேவி: வரலாற்றுப் பேராசிரியர் துணைவேந்தரானபோது – ஒரு மதிப்பீடு

வே. வசந்தி தேவி (8 நவம்பர் 1938 – 1 ஆகஸ்ட் 2025) வரலாற்றுப் பேராசிரியர், ஆசிரியர் இயக்கத் தலைவர், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் (1992–1998), தமிழ்நாடு மாநில மகளிர் ஆணையத்தின் தலைவர் (2002–2005). அவர் மறைந்தபோது வெளிவந்த அஞ்சலிகள் பெரும்பாலும் அவரைக் 'கல்வியாளர்' என்றும் 'சமூகச் செயற்பாட்டாளர்' என்றும் குறிப்பிட்டன. இரண்டும் சரியே. ஆனால் அவர் படித்ததும் பல்லாண்டுகள் வகுப்பறையில் நடத்தியதும் வரலாறு. அந்த ஒரு செய்தி வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியாக வந்து போய்விடுகிறது.

அந்த ஒரு வரியிலிருந்து தொடங்கினால் அவருடைய பொதுவாழ்க்கை வேறு விதமாகப் புரிகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து. அவர் செய்தவற்றின் வலிமை வரலாற்றுப் பார்வையிலிருந்து வந்தது. அவர் செய்யாமல் விட்டவற்றையும் அதே அளவுகோலால்தான் அளக்க வேண்டும்.

வாழ்க்கைக் குறிப்பு

வசந்தி தேவி திண்டுக்கல்லில் பிறந்தவர். தொழிற்சங்கத் தலைவரும் சென்னை மேயராக இருந்தவருமான வெ. சக்கரைச் செட்டியாரின் பேத்தி. சென்னை மாநிலக் கல்லூரியில் வரலாறு பயின்றார். பின்னர் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். சென்னை இராணி மேரிக் கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியராகவும், கும்பகோணம் அரசு மகளிர் கல்லூரியின் முதல்வராகவும் பணியாற்றினார்.

அரசுக் கல்லூரி ஆசிரியர் இயக்கத்தில் முன்னின்றவர். 1980களில் தமிழ்நாட்டு ஆசிரியர்கள் நடத்திய பெரும் போராட்டங்களில் கலந்துகொண்டு சிறை சென்றவர். இவ்வாறு போராட்ட மேடையிலிருந்து வந்த ஒருவர் 1992இல் துணைவேந்தர் நாற்காலியில் அமர்ந்தார். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழக வரலாற்றில் அது வழக்கமான நிகழ்ச்சி அன்று. பெண்கள் துணைவேந்தராவதும் அன்று அரிதாகவே இருந்தது.

வரலாற்றாசிரியர் துணைவேந்தராவது

வரலாற்று அறிஞர் ஒருவர் பல்கலைக்கழகத் தலைமை ஏற்பது இந்தியாவில் புதிதன்று. முகலாயர் வரலாற்றில் பேரறிஞரான ஜதுநாத் சர்க்கார் 1926 முதல் 1928 வரை கல்கத்தா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். ஆர்.சி. மஜும்தார் 1937 முதல் 1942 வரை டாக்கா பல்கலைக்கழகத்தை நடத்தினார். வரலாற்றாசிரியரும் தூதருமான கே.எம். பணிக்கர் 1963இல் இறந்தபோது மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர்.

இவர்களில் சர்க்காரும் மஜும்தாரும் பதவியிலிருந்து மீண்டும் வரலாற்று நூல்களுக்கே திரும்பினார்கள். முகலாயப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றிய நான்கு தொகுதிகளைச் சர்க்கார் வெளியிட்டது துணைவேந்தர் பதவியை விட்டு வந்த பின்புதான். டாக்கா பல்கலைக்கழகம் வெளியிட்ட வங்காள வரலாற்றின் முதல் தொகுதிக்கு மஜும்தாரும் இரண்டாம் தொகுதிக்குச் சர்க்காரும் பதிப்பாசிரியர்கள். அவர்களுக்குத் துணைவேந்தர் பதவி வழியில் வந்த ஒரு சத்திரம் போன்றது. தங்கினார்கள், புறப்பட்டார்கள், தம் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

தமிழரிடையே வேறொரு வகைக்கு எடுத்துக்காட்டு க. கைலாசபதி. 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவர். இலக்கிய வரலாற்றைச் சமூக வரலாற்றோடு சேர்த்துப் படித்தவர். ஒரு நிறுவனத்தை அடித்தளத்திலிருந்து கட்டும் பொறுப்பு அவருக்கு வந்தது. வசந்தி தேவியைச் சர்க்காரோடு ஒப்பிடுவதைவிட இந்த வரிசையில் வைத்துப் பார்ப்பதே பொருத்தம். இருவரும் புதிதாகத் தோன்றிய பல்கலைக்கழகங்களுக்குப் போனார்கள். கல்வி நிறுவனம் தன்னைச் சுற்றியுள்ள சமூகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் இருவருக்கும் இருந்தது.

நெல்லையில் ஆறு ஆண்டுகள்

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. அதுவரை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டக் கல்லூரிகள் அதன்கீழ் வந்தன. வசந்தி தேவி பொறுப்பேற்றபோது பல்கலைக்கழகத்துக்கு வயது இரண்டு.

அதன் பெயரிலேயே ஒரு செய்தி இருக்கிறது. பெ. சுந்தரம் பிள்ளையை (1855–1897) 'மனோன்மணீயம்' நாடகத்தின் ஆசிரியராகவும், தமிழ்த்தாய் வாழ்த்தை நமக்குத் தந்தவராகவும் மாணவர்கள் அறிவார்கள். அவர் கல்வெட்டுகளைத் தேடிப் படித்துத் திருவாங்கூரின் பழைய அரசர்களைப் பற்றி எழுதியவர், ஞானசம்பந்தரின் காலத்தை வரலாற்று முறைப்படி ஆராய்ந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. நாடகாசிரியர் புகழுக்குள் வரலாற்றாசிரியர் மறைந்துபோனார். அவர் பெயரிலுள்ள பல்கலைக்கழகத்துக்குத் தலைமை ஏற்ற வரலாற்றுப் பேராசிரியருக்கும் பின்னாளில் ஏறக்குறைய இதுவே நேர்ந்தது.

அந்த ஆறு ஆண்டுகள் தென் மாவட்டங்களுக்கு அமைதியான ஆண்டுகள் அல்ல. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் காவல்துறை நடத்திய தாக்குதல் நாடெங்கும் பேசப்பட்டது. 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டதை ஒட்டி மோதல்கள் வெடித்தன. இறுதியில் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயர் அனைத்தையும் அரசு நீக்கியது. பேருந்தில் எழுதிய பெயருக்காக உயிர்கள் போன மாவட்டங்களில்தான் இந்தப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் இருந்தன. மோதிக்கொண்ட ஊர்களின் பிள்ளைகள் ஒரே வகுப்பறையில் அடுத்தடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

இத்தகைய நேரத்தில் ஒரு துணைவேந்தர் என்ன செய்யலாம்? தேர்வைத் தள்ளிவைக்கலாம், விடுமுறை விடலாம், காவல்துறைக்கு எழுதலாம். இவை நிர்வாகியின் வேலைகள். வசந்தி தேவி பாடத்திட்டத்தின் பக்கம் பார்த்தார். மனித உரிமை, பெண்ணுரிமை, சமூக நீதி ஆகியவற்றைப் பட்டப்படிப்புக்குள் கொண்டுவர முயன்றார். மாணவர்கள் தம்மைச் சுற்றியுள்ள சமூகத்தை அறிவதும் கல்வியின் பகுதியே என்று வாதிட்டார்.

இதில் வரலாற்றுப் பேராசிரியர் எங்கே இருக்கிறார்? வரலாறு நடத்தும் ஆசிரியர் எந்தப் பாடத்திலும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குவார். இது எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது? இதை எழுதி வைத்தவர் யார்? இதில் யாருடைய குரல் இல்லை? சாதிப் பகை காலம் காலமாக உள்ளது, அதை மாற்ற முடியாது என்று நம்பும் இளைஞனுக்கு முதல் கேள்வி ஓர் அதிர்ச்சி தரும். தொடங்கிய நாள் ஒன்று இருந்தால் முடியும் நாளும் ஒன்று இருக்கலாம் அல்லவா? மனித உரிமைப் பாடத்தைச் சட்டப் பிரிவுகளின் பட்டியலாக நடத்தினால் மாணவன் மனப்பாடம் செய்து மறந்துவிடுவான். இந்த மூன்று கேள்விகளோடு நடத்தினால் அது அவனுடைய தெருவைப் பற்றிய பாடமாகிவிடும். அவருடைய முயற்சியை இந்தக் கோணத்தில் படிக்க வேண்டும் என்பது என் துணிபு.

'தமிழகத்தில் கல்வி' – உரையாடல் நூல்

வசந்தி தேவியின் கருத்துகளை அறிய விரும்பும் தமிழ் மாணவர் முதலில் எடுக்க வேண்டிய நூல் 'தமிழகத்தில் கல்வி'. எழுத்தாளர் சுந்தர ராமசாமி அவரோடு நடத்திய உரையாடல் அது. காலச்சுவடு பதிப்பகம் 2000ஆம் ஆண்டு வெளியிட்டது. துணைவேந்தர் பதவி முடிந்த சூடு ஆறும் முன் வந்த நூல்.

இந்நூலின் சிறப்பு கேள்வி கேட்பவர் யார் என்பதில் தொடங்குகிறது. சுந்தர ராமசாமி (1931–2005) கல்லூரி வாசலை மிதிக்காதவர். நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தியவர். தமிழின் முதன்மையான நாவலாசிரியர்களில் ஒருவர். நாகர்கோவிலோ அப்பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் உள்ள ஊர். ஆகவே இது ஒரு பத்திரிகையாளர் எடுத்த பேட்டி அன்று. பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வாழும் ஒரு குடிமகன் அதன் முன்னாள் தலைவரிடம் கணக்குக் கேட்பது போன்ற அமைப்பு அதில் இருக்கிறது. பட்டம் பெறாத ஒருவர் கேட்கும்போது துறைச் சொற்களுக்குள் ஒளிந்துகொள்ள முடியாது. பதிலும் பொதுத்தமிழில் வந்தாக வேண்டும். தமிழில் கல்வியைப் பற்றிய நூல்கள் பல, ஆசிரியப் பயிற்சிக் கல்லூரித் தேர்வுக்கான குறிப்புகளாகவோ அரசாணைகளின் சுருக்கமாகவோ இருக்கின்றன. நான் பி.எட். படித்த காலத்தில் படித்தவை அவைதாம். இந்நூல் அந்த வகையில் சேராது.

இதன் குறையும் அதே அமைப்பிலிருந்துதான் வருகிறது. உரையாடலில் தீர்ப்பு வரும், சான்று வருவது குறைவு. ஒரு துணைவேந்தர் ஆட்சிமன்றக் குழுவில் ஒரு முன்மொழிவை வைத்தபோது யார் எதிர்த்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள், எந்த இடத்தில் விட்டுக்கொடுக்க நேர்ந்தது, எத்தனை கல்லூரிகள் ஏற்றுக்கொண்டன என்பவற்றை ஆவணங்களோடு சொல்ல இந்த வடிவம் இடம் தராது. அடுத்து வரும் துணைவேந்தருக்குத் தேவைப்படுவது அதுதான். ஒரு வரலாற்றாசிரியரிடம் நாம் எதிர்பார்க்கக்கூடியதும் அதுதான்.

பதவிக்குப் பின்

பதவி முடிந்தபின் சர்க்கார் ஆவணக் காப்பகத்துக்குத் திரும்பினார் என்றால், வசந்தி தேவி பள்ளிக்கூடத்துக்குப் போனார். பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவன் எப்படி வருகிறான் என்பதைத் தேடினால் பள்ளியில்தான் போய் நிற்க வேண்டும். பள்ளிகளில் மனித உரிமைக் கல்வியைக் கொண்டுசெல்லும் பணியில் தலைமைப் பொறுப்பில் இருந்தார். மகளிர் ஆணையத்துக்குத் தலைமை தாங்கினார். பள்ளிக் கல்விப் பாதுகாப்பு இயக்கத்தை வழிநடத்தினார். பொதுப்பள்ளி, அருகமைப் பள்ளி, தாய்மொழிவழிக் கல்வி, கல்வி வணிகமாவதற்கு எதிர்ப்பு ஆகியவை அவருடைய இறுதிக்கால முழக்கங்கள். புதிய தேசியக் கல்விக் கொள்கையையும் கடுமையாக எதிர்த்தார்.

பொதுப்பள்ளி என்பது அவர் கண்டுபிடித்த கருத்து அன்று. 1964 முதல் 1966 வரை செயல்பட்ட கோத்தாரிக் குழு பரிந்துரைத்தது. ஒரு பகுதியில் வாழும் பணக்காரர், ஏழை, எல்லாச் சாதியார் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது அதன் சாரம். தமிழ்நாட்டில் அதன் ஒரு சிறு பகுதி நிறைவேறியது. மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஓரியண்டல், ஆங்கிலோ-இந்தியன் என்று நான்காகக் கிடந்த பாடத்திட்டத்தை ஒன்றாக்கும் சமச்சீர்க் கல்விச் சட்டம் 2010இல் வந்தது. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு அடிப்படையான குழுவுக்குத் தலைமை வகித்த ச. முத்துக்குமரனும் ஒரு முன்னாள் துணைவேந்தரே. பாடநூல் ஒன்றானது. பள்ளி ஒன்றாகவில்லை.

இங்கும் 'எப்போதிலிருந்து?' என்ற கேள்வி உதவும். மெட்ரிகுலேஷன் பள்ளிகள் பல்கலைக்கழகங்களின் பிடியிலிருந்து தனி வாரியத்துக்கு மாறியது 1970களின் பிற்பகுதியில். தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வந்தது 1984ஐ ஒட்டி. காலையில் தெருமுனையில் நிற்கும் மஞ்சள் வேனை இன்றைய பிள்ளைகள் மழை வெயில் போல இயற்கையான ஒன்றாக நினைக்கிறார்கள். அது ஒரு மனிதரின் ஆயுளுக்குள் நடந்த மாற்றம். வசந்தி தேவி தலைமுறைக்கு அதற்கு முந்தைய காலமும் நேரில் தெரியும். அவருடைய வாதங்களுக்கு இருந்த உறுதி அங்கிருந்து வந்தது.

2016 சட்டமன்றத் தேர்தலில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் வேட்பாளராக ஆர்.கே. நகரில் அன்றைய முதல்வர் ஜெ. ஜெயலலிதாவை எதிர்த்து நின்றார். அப்போது அவருக்கு வயது 77. கிடைத்தவை நான்காயிரத்துச் சொச்சம் வாக்குகள். அவர் துணைவேந்தரானதும் மகளிர் ஆணையத் தலைவரானதும் ஜெயலலிதா முதல்வராக இருந்த காலங்களில்தான் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். பதவி கொடுத்த ஆட்சிக்குக் காலமெல்லாம் கடன்பட்டிருப்பது நம் கல்வித்துறையில் எழுதாத விதி. அவர் அந்த விதியை ஏற்கவில்லை. வாக்கு எண்ணிக்கையைவிட இதுவே அத்தேர்தலில் கவனிக்கத் தக்கது.

மூன்று குறைகள்

பாராட்டு மட்டும் எழுதுவது அஞ்சலிக் கூட்டத்துக்குப் பொருந்தும். கலைக்களஞ்சியத்துக்கு மதிப்பீடு வேண்டும். என் பார்வையில் மூன்று குறைகள் தெரிகின்றன.

முதலாவது, மேலே சொன்ன ஆவணக் குறை. தென் மாவட்டங்களின் மிகக் கொந்தளிப்பான ஆண்டுகளில் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தை நடத்திய வரலாற்றுப் பேராசிரியர் அவர். அந்த ஆண்டுகளின் கல்லூரி வரலாற்றை எழுத அவரைவிடத் தகுதியானவர் யார்? எந்த ஊர் மாணவர்கள் படிப்பை நிறுத்தினார்கள், எந்தக் கல்லூரி அமைதி காத்தது, எந்த ஆசிரியர் நடுவில் நின்றார் என்று எழுதப்பட்டிருந்தால் அது தமிழ்நாட்டுச் சமூக வரலாற்றின் முதன்மைச் சான்றுகளில் ஒன்றாக இருந்திருக்கும். அவர் வரலாற்றில் பங்கேற்பதைத் தேர்ந்தெடுத்தார். எழுதுவது பின்னுக்குப் போயிற்று. ஒருவரிடம் இரண்டையும் கேட்பது பேராசை என்று சொல்லலாம். ஆனால் இழப்பு இழப்புதான்.

இரண்டாவது, சீர்திருத்தம் ஒரு மனிதரின் ஊக்கத்தைச் சார்ந்து நிற்பது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அது நெல்லை மாவட்டம். வசந்தி தேவி பதவி முடித்துக் கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அமைந்த குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, மாணவர்கள் சாதியைக் காட்டும் கயிறு கட்டுவதைத் தடுப்பது முதல் பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது வரை பேசுகிறது. ஒரு துணைவேந்தர் ஆறு ஆண்டுகளில் சாதியை ஒழித்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் அவர் தொடங்கிய கல்வி முறை அப்பகுதியின் ஆசிரியர் பயிற்சியில் வேரூன்றியிருந்தால் 2024இல் எல்லாவற்றையும் முதலிலிருந்து பேச நேர்ந்திருக்குமா என்ற கேள்வி எழத்தான் செய்கிறது. இதில் அவருக்குப் பின் வந்தவர்களின் பொறுப்பே பெரிது. எனினும் ஆள் மாறினாலும் நிற்கும்படி ஒன்றை அமைப்பது எப்படி என்பது வரலாறு படித்தவருக்குப் புதிய கேள்வி அன்று. மன்னன் இறந்தபின்னும் அறக்கட்டளை நடக்க வேண்டும் என்றுதான் நம் முன்னோர் கல்லில் வெட்டினார்கள்.

மூன்றாவது குறை பெற்றோரைப் பற்றியது. கல்வி வணிகமானதைப் பற்றி அவர் தரப்பினர் பேசும்போது அரசின் கொள்கையும் முதலாளிகளின் ஆசையும் விரிவாக வரும். அரசுப் பள்ளியை விட்டு விலகிய பெற்றோரின் கணக்கு அந்த அளவுக்கு வராது. விளம்பரத்தில் மயங்கினார்கள், ஆங்கில மோகம் என்று ஓரிரு சொற்களில் முடிந்துவிடும். இந்த இடத்தில் என் ஊரிலிருந்து சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

விருத்தாசலத்திலிருந்து பார்க்கையில்

விருத்தாசலம் பீங்கான் ஊர். நெய்வேலிச் சுரங்கப் பக்கத்தில் கிடைக்கும் வெண்களிமண்ணை நம்பி இங்கே பீங்கான் தொழிற்பேட்டை வளர்ந்தது. பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசு நிறுவனமும் இங்கே இருக்கிறது. பிளாஸ்டர் அச்சில் மண்கூழை ஊற்றி எடுப்பது, காய்ந்த பொம்மையின் பிசிறைச் சுரண்டுவது, வண்ணம் தீட்டுவது என்று கூடங்களில் பெண்கள் நிறைய பேர் வேலை செய்கிறார்கள். கார்த்திகைக்கு அகல், கொலுவுக்குப் பொம்மை, மின்சாரத்துக்கு ஃபியூஸ் கட்டை எல்லாம் இங்கிருந்து போகின்றன.

அவர்களுடைய பிள்ளைகளுக்கு நான் சமூக அறிவியல் நடத்தினேன். சூளை வேலைக்குப் போகும் ஒரு தாய் கூலியில் பாதியை வேன் கட்டணத்துக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் எடுத்து வைக்கிறார் என்றால் அது மோகம் அன்று. அவர் கணக்குப் போட்டிருக்கிறார். அரசுப் பள்ளியில் அந்த ஆண்டு கணக்கு ஆசிரியர் இடம் காலி என்பது அவருக்குத் தெரியும். கழிப்பறையில் தண்ணீர் வராது என்பது மகள் சொல்லித் தெரியும். எல்லாவற்றையும்விட, அந்தப் பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியர்கள் தம் பிள்ளைகளை எங்கே சேர்த்திருக்கிறார்கள் என்பது நன்றாகத் தெரியும்.

நானும் அந்த ஆசிரியர்களில் ஒருவன். அரசுச் சம்பளம் வாங்கிக்கொண்டு என் மகனையும் மகளையும் தனியார் ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்த்தேன். சேர்க்கைக்கு வரிசையில் நின்றபோது என் வகுப்பு மாணவனின் தாயார் எனக்குப் பின்னால் நின்றார். மூத்த மகனை என் வகுப்பில் விட்டுவிட்டு இளையவனுக்கு இடம் கேட்க வந்திருந்தார். "நீங்களும் இங்கதானா சார்?" என்று கேட்டார். அதில் கேலி இல்லை, தாம் எடுத்த முடிவு சரிதான் என்ற நிம்மதிதான் இருந்தது. அரசுப் பள்ளி எப்படித் தேய்ந்தது என்ற வரலாற்றில் அந்தக் கேள்விக்கும் ஓர் இடம் உண்டு. பொதுப்பள்ளி இயக்கத்தின் மேடைகளில் அதை நான் கேட்டதில்லை. கைதட்டிய எங்களுக்கும் கேட்க வசதிப்படவில்லை.

இவ்வளவு சொன்னபின் வசந்தி தேவியின் பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். பெற்றோர் தனித்தனியாகப் போடும் கணக்கு சரியாகவே இருக்கலாம். எல்லோரும் அதே கணக்கைப் போட்டால் ஊரின் கூட்டுத்தொகை தவறாகிறது. கேட்கத் தெரிந்த பெற்றோர் எல்லாம் வெளியேறிய பள்ளியில் தண்ணீர் வரவில்லை என்று கேட்க ஆள் இல்லை. கல்வி உரிமைச் சட்டம் சொல்லும் பள்ளி மேலாண்மைக் குழுவைப் பெற்றோரின் உண்மையான அதிகார இடமாக ஆக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தியது இதனால்தான். பெற்றோரை அவர் தரப்பு போதிய அளவு கேட்கவில்லை என்பது என் குறைகூறல். பெற்றோர் கேட்பதற்கென்று ஓர் இடத்தை உண்டாக்கப் பாடுபட்டவரும் அவரே.

மாணவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது

அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டில் துணைவேந்தர் என்ற சொல் செய்தியில் வந்தால் அது பெரும்பாலும் நியமனத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. நியமிப்பது ஆளுநரா அரசா என்ற சண்டை உச்ச நீதிமன்றம் வரை போய் 2025 ஏப்ரல் 8 அன்று தீர்ப்பும் வந்தது. அதன்பிறகும் வழக்கு ஓயவில்லை. யார் நியமிப்பது என்பது முக்கியமான கேள்விதான். நியமிக்கப்பட்டவர் வந்து உட்கார்ந்து என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி அதில் நூற்றில் ஒரு பங்கு பேச்சுகூட இல்லை. வசந்தி தேவியின் ஆறு ஆண்டுகளை மாணவர்கள் படிக்க வேண்டிய காரணம் இது. துணைவேந்தர் கட்டடம் திறப்பவராகவும் பட்டமளிப்பு விழாவில் அங்கி அணிபவராகவும் மட்டும் இருக்க வேண்டியதில்லை என்பதற்கு அது அண்மைக் காலச் சான்று.

வரலாறு படித்து என்ன வேலைக்குப் போவாய் என்று கேட்கும் உறவினர்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். விருத்தாசலம் கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரியில் சேரும் பிள்ளைகளும் அதைக் கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். போட்டித் தேர்வு என்று பதில் சொல்லித் தப்பிக்கிறார்கள். வரலாறு படித்த ஒரு பெண் அதே படிப்பின் கேள்விகளைக் கல்லூரி ஆசிரியர் சங்கத்துக்கும், துணைவேந்தர் அறைக்கும், மகளிர் ஆணையத்துக்கும், கடைசியில் ஆர்.கே. நகர்த் தெருக்களுக்கும் எடுத்துச் சென்றார் என்பதை அவர்களிடம் சொல்லலாம்.

அதோடு அவர் விட்டுச்சென்ற வேலையையும் சொல்ல வேண்டும். 1992 முதல் 1998 வரையிலான நெல்லைப் பல்கலைக்கழகத்தின் வரலாறு எழுதப்பட வேண்டும். ஆட்சிமன்றக் குழுவின் நடவடிக்கைக் குறிப்புகள் பல்கலைக்கழக அலுவலகத்தில் இருக்க வேண்டியவை. அன்று மாணவராக இருந்தவர்களுக்கு இப்போது ஐம்பது வயது இருக்கும். அவர்களை நேரில் கேட்டு எழுத இன்னும் காலம் இருக்கிறது, நிறைய இல்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இதுபோல ஒரு வேலை உண்டு. திருமுதுகுன்றத்துக் கோயில் கல்வெட்டுகளைப் படிக்க அறிஞர்கள் வந்தார்கள். அரை மைலில் இருக்கும் பீங்கான் கூடங்களில் அச்சு எடுத்த பெண்களின் கதையை எழுத இதுவரை வகுப்பறையிலிருந்து யாரையும் நாங்கள் அனுப்பவில்லை. முப்பது ஆண்டுகள் சமூக அறிவியல் நடத்திய நானும் அனுப்பவில்லை.